நீலத் தண்ணீரும் ஐந்து திரியும்

எங்கள் நகர்மன்றத் தலைவர் சபாரத்தினத்துக்கு மொத்தம் ஏழு பட்டங்கள். ஆறு பட்டங்களை அவரே தேர்ந்தெடுத்து அச்சடித்துக்கொண்டார். ஏழாவதான ‘நீலநீர் வேந்தர்’ மட்டும் பொதுமக்கள் வழங்கியது. பொதுமக்கள் சார்பில் மேடையேறி வழங்கியவர் அவருடைய மைத்துனர் என்பதும், பொன்னாடையைத் தலைவர் வீட்டு பீரோவிலிருந்தே எடுத்து வந்தார்கள் என்பதும் சின்ன விஷயங்கள். நீலம் என்னவோ நிஜம். சேந்தங்கரையின் தண்ணீர் ஒளிரும்.

அதற்கு முன்பு எங்கள் பெருமையெல்லாம் குத்துவிளக்கோடு நின்றிருந்தது. இந்த மாநிலத்தில் எந்தப் பிரமுகர் எந்த மேடையில் விளக்கேற்றினாலும், அந்த விளக்கு எங்கள் பட்டறைத் தெருவில் பளபளப்பேறியதாகத்தான் இருக்கும். பித்தளை கறுக்கக் கூடாது என்று ஜனங்கள் ஆசைப்பட ஆரம்பித்ததும் நாங்கள் விளக்குக்கு குரோமியம் பூச ஆரம்பித்தோம். பூசியது போக மிச்சம் சாக்கடைக்குப் போனது. சாக்கடை ஏரிக்குப் போனது. ஏரி எங்கள் குழாய்க்கு வந்தது. இப்படியாக நாங்கள் இரண்டு தலைமுறை உள்ளேயும் முலாம் பூசிக்கொண்டோம்.

இரண்டாயிரத்து முப்பத்தெட்டில் அரசு கலைக் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர் முனைவர் திருமலைநம்பி ‘மீநுண் கரிம ஒளிர்துகள் உணரி’யைக் கண்டுபிடித்தார். நடந்தது இதுதான். ஆய்வக உதவியாளர் அஞ்சுகம் அங்கே உள்ள பித்தளைக் குழாய்களைப் புளி போட்டுத் துலக்குவார். ஒருநாள் புளியை அதன் ஓட்டோடு அடுப்பில் வைத்துவிட்டு, தேர்வறைக்கு விடைத்தாள் கட்ட ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது எல்லாம் கரி. அந்தக் கரியைக் கழுவிய தண்ணீர், தற்செயலாக எரிந்துகொண்டிருந்த புற ஊதா விளக்குக்கு அடியில் நீலமாக மினுங்கியது. எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் வேகவைத்தால் எந்த நீலம் வரும் என்பதை அஞ்சுகம் பதினொரு மாதம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். முனைவர் நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ‘ஆய்வக ஊழியர்களுக்கும்’ நன்றி சொல்லியிருந்தார். அந்த ஊழியர்களில் மொத்தம் ஒரே ஆள்தான்.

துகளை நகராட்சித் தண்ணீரிலேயே கலந்துவிடுவது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு ஊதா டார்ச் இலவசம். டார்ச் வழங்கும் விழாவில் முனைவர் முப்பது நிமிடம் விளக்கினார். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “ஐயா, மினுங்கினா விஷமா, மினுங்கலன்னா விஷமா? அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் போயி உல வச்சிருவேன்.”

முனைவர் அஞ்சுகத்தைப் பார்த்தார். அஞ்சுகம் மைக்கை வாங்கினார்.

“மினுங்கினா நல்ல தண்ணிம்மா. துகள் தானா மினுங்கும். குரோமியம் வந்து பக்கத்துல உக்காந்துச்சுன்னா அணைஞ்சிடும். எப்புடின்னா, நம்ம சேர்மன் ஐயா உக்காந்த மேடையில மத்தவங்க யாராச்சும் வாயத் தொறக்கறாங்களா? அந்த மாதிரிதான்.”

முதலில் கைதட்டியவர் சேர்மன். உவமை புரிவதற்கு அவருக்கு இரண்டு நாள் ஆனது.

அன்றிலிருந்து ஊரின் நடைமுறைகள் மாறின. பாத்திரத்துக்குப் பேர்போன ஊரில் எல்லோரும் கண்ணாடித் தம்ளருக்கு மாறினோம். பகலில் நீலம் சரியாகத் தெரியாது என்பதால், பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துத் தம்ளரையும் டார்ச்சையும் உள்ளே வைத்துக் குனிந்து பார்ப்பார்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் ஏதோ பிரார்த்தனை என்று நினைப்பான். ஆண்கள் மேல்துண்டுக்குள் பார்த்தோம். வாடகைக்கு விடும் வீடுகளில் ‘நீலத் தண்ணீர், கிழக்குப் பார்த்த வாசல்’ என்று பலகை தொங்கியது. வரன் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு டார்ச்சையும் கொண்டுவந்தார்கள். இருண்ட தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணுக்கு எலும்பில் விஷம் ஏறியிருக்கும், பிள்ளை தங்காது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அறிவியல் எங்கள் ஊருக்குள் வந்தால் முதலில் சம்பந்தி வீட்டுக்குத்தான் போகும்.

ஒளிரும் தண்ணீர்த் திட்டத்தை மற்ற ஊர்களும் எடுத்துக்கொண்டன. மூன்றே வருடத்தில் பதினெட்டு ஊர்களுக்கு ‘ஒளிர்நீர் நகரம்’ விருது கிடைத்துவிட்டது. தொடங்கிவைத்த எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் புழுக்கத்தில்தான் பட்டறைத் தெரு இருண்டது.

தெருவின் பழைய குழாய் பட்டறைச் சாக்கடைக்கு அடியில் ஓடுகிறது. அது எங்கோ விரிசல் விட்டிருக்க வேண்டும். ஒரு காலையில் அறுபது வீட்டிலும் முந்தானைக்குள் இருட்டு. நியாயமாகப் பார்த்தால் அறுபது பேரும் நகராட்சிக்கு ஓடியிருக்க வேண்டும். ஒருவரும் போகவில்லை. புகார் கொடுத்தால் தெருவின் பெயர் வெளியே போகும். தெருவில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் பதினாலு பேர். பத்து நாள் ஒருவரை ஒருவர் டார்ச் பேட்டரி தீர்ந்துவிட்டதாக நம்பவைத்துக்கொண்டிருந்தார்கள். பதினோராம் நாள் ஒரு வீட்டில் நீலம் திரும்பியது. பிறகு அடுத்த வீட்டில். ஒரு வாரத்தில் தெருவே முன்னைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்தது.

அஞ்சுகத்தின் வீடு அந்தத் தெருவில்தான். கணவர் இல்லை. மகள் இளவெயினி தெருக்கோடியில் இருக்கும் நகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பக்கத்து வீட்டில் தம்பி தணிகாசலம், முலாம் பட்டறையில் மேஸ்திரி. வாசல் இரண்டு என்றாலும் தண்ணீர்த் தொட்டி ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் பெரியநத்தத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை யுகேந்திரன், அவனுடைய அப்பா, தாயில்லாத அவனை வளர்த்த அத்தை கனகாம்புஜம். பெரியநத்தம் போன வருடம் விருது வாங்கிய ஊர். அந்த விஷயத்தைக் கனகாம்புஜம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

தணிகாசலம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கனகாம்புஜம் தம்ளரை எடுத்தார். இன்னொரு கையால் பையைத் துழாவி டார்ச்சை எடுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுப் பழக்கம்.”

“அதுக்கென்னம்மா, நல்லா பாருங்க” என்றான் தணிகாசலம். அவன் குரலில் இருந்த தாராளம் அஞ்சுகத்துக்கு உறுத்தியது. பேருந்தில் சில்லறைக்கே சண்டை போடுகிறவன் அவன்.

முந்தானைக்குள்ளிருந்து கனகாம்புஜத்தின் குரல் வந்தது. “அடேயப்பா! எங்க ஊரத் தூக்கிச் சாப்ட்ரும் போலயே!”

வியப்பில் அவர் கை நழுவியது. டார்ச் உருண்டு, சம்மணமிட்டிருந்த மாப்பிள்ளையின் அப்பாவின் மடியில் விழுந்தது. கூடத்தில் சன்னல் திரை மூடியிருந்ததால், அவருடைய புது வேட்டி அந்த வெளிச்சத்தில் பளீரென்று எரிந்தது. வெள்ளையோரம் கொண்ட நீலம். அஞ்சுகம் வேட்டியைப் பார்த்தார். முந்தானைக்கு வெளியே வந்து அதே வெளிச்சத்தில் மினுங்கிய தம்ளரைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம்.

அவருடைய நீலம் அதுவல்ல. அவருடையதில் கிளிப்பச்சை ஒரு இழை ஓடும். பதினொரு மாதம் வைத்துப் பார்த்தவருக்கு அது தெரியாதா?

கனகாம்புஜம் தம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். அஞ்சுகம் எழுந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“இருங்க, தண்ணி ஆறிப்போச்சு. வேற கொண்டாறேன்.”

குடிதண்ணீர் ஆறிப்போனதாக உலகத்தில் முதன்முதலில் சொன்னவர் அஞ்சுகம்தான். யாரும் கவனிக்கவில்லை. கேன் தண்ணீரில் காபி போட்டுக் கொடுத்தார். இளவெயினியும் யுகேந்திரனும் பத்து நிமிடம் கொல்லைப்பக்கம் நின்று பேசினார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு மிச்சம் இருந்தது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்று பேசி முடிந்தது.

அவர்கள் கார் தெரு திரும்பும்வரை அஞ்சுகம் வாசலில் நின்று கையசைத்தார். பிறகு உள்ளே வந்து தம்பியை அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“தண்ணில இன்னாடா ஊத்துன?”

“இன்னாக்கா இப்புடிக் கேக்குற? ரெண்டே சொட்டு.”

“என்னாது ரெண்டு சொட்டு?”

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். துணியை வெளுப்பாகக் காட்டுகிற திரவம். தெருவில் அதற்கு அதற்குள் ‘வேட்டி மருந்து’ என்று பெயர் விழுந்திருந்தது. “கவுன்சிலரே வூட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. சுகாதார இயக்கமாம். தெருவே ஊத்துது. நீ மட்டும் காலேஜு, காலேஜுன்னு அலஞ்சிக்கினு கீற.”

“அது துணிக்குடா பாவி. கீழ குரோமியம் அப்புடியே கிடக்குது. மேல நீ விளக்குப் போட்டு வச்சிருக்கற.”

“குரோமியம் எனக்குத் தெரியாததா? இருபது வருசமா அதுலதான் கைய வுட்டுக்கினு கீறேன்.” அவன் விரல் இடுக்குகளைக் காட்டினான். அங்கே ஆறாத புண்கள் சின்னச் சின்னக் குழிகளாக இருந்தன. “எனக்குப் பெத்த பொண்ணு இல்லக்கா. வெயினிதான். தண்ணி இருட்டா இருந்துச்சுன்னு அவங்க எழுந்து போயிருந்தா நீ தாங்குவியா?”

அஞ்சுகம் குப்பியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்தால் இளவெயினி நின்றுகொண்டிருந்தாள்.

“ஸ்கூல் தொட்டியிலயும் இதான் மாமா ஊத்தறாங்களா?”

தணிகாசலம் தரையைப் பார்த்தான்.

“என் கிளாஸ்ல முப்பத்தொம்போது பேரு. போன வாரம் மட்டும் பதினாறு பேருக்கு வயித்துவலி. லீவு லெட்டரெல்லாம் ஒரே மாதிரி இருக்கேன்னு நான் திட்டினேன்.” அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். “தண்ணி நல்லாத்தான இருக்கு, சும்மா நடிக்காதீங்கன்னு நானே டார்ச் அடிச்சுக் காட்டினேம்மா. நானே குடிக்க வச்சேன்.”

மறுநாள் அஞ்சுகம் ஆய்வகத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பொய் சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். அதை ஊருக்குக் காட்டுவது எப்படி? நீலத்தில் பச்சை இழை இல்லை என்றால் யார் நம்புவார்கள்? வேட்டி மருந்தின் குணம் என்ன என்று யோசித்தார். பருத்தியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அதன் பிழைப்பு. மினுக்குத் துகளுக்கு அந்த ஆசை கிடையாது. பஞ்சை நனைத்து நன்றாக அலசிப் பிழிந்தால் துகள் போய்விடும், மருந்து போகாது. ஆனால் பஞ்சு சலவையே காணாத பஞ்சாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் பஞ்சு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பிய கோரிக்கை இன்னும் கையெழுத்தாகவில்லை. வீட்டுக்கு வந்து சாமி அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட் விளக்குத்திரியை எடுத்தார்.

தொட்டித் தண்ணீரில் நனைத்து, கேன் தண்ணீரில் மூன்று முறை அலசிய திரி, டார்ச் வெளிச்சத்தில் டியூப்லைட் மாதிரி எரிந்தது. ஆய்வகத்தில் அவரே துகள் கலந்து வைத்திருந்த தண்ணீரில் நனைத்த திரி, அலசியதும் சாதாரணத் திரியாகக் கிடந்தது.

முனைவர் திருமலைநம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“சுவாரசியமான அவதானிப்பு, அஞ்சுகம். ஆனால் முறைப்படி நிறுவப்படவில்லையே. திரி என்பது ஓர் அறிவியல் கருவியா?”

“புளியும்தான் சார் கருவி இல்ல.”

முனைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வெள்ளிக்கிழமை விருதுக்குழு வருது. குலுக்கல்ல உங்க தெருப் பள்ளிக்கூடம்தான் விழுந்திருக்கு. மேடை அங்கதான். விருது முடியட்டும், அப்புறம் ஒரு கருத்தரங்கம் வைப்போம்.” பிறகு சன்னலைப் பார்த்துச் சொன்னார்: “பொண்ணுக்கு வரன் அமைஞ்சிருக்குன்னு கேள்விப்பட்டேன். நல்ல நேரத்துல எதுக்கு இதெல்லாம்?”

அதே கேள்வியைத்தான் அஞ்சுகமும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் மகளின் கல்யாணம் நிற்கும். திறக்காவிட்டால் முப்பத்தொன்பது பிள்ளைகள் அதையே குடிப்பார்கள்.

வியாழக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்த இளவெயினி செருப்போடு கூடத்தில் நின்றாள். “இன்னிக்கு வேட்டி மருந்த ஒரு கேன் முழுசாக் கொண்டுவந்து தொட்டியில ஊத்தினாங்கம்மா. சேர்மன் ஏணிய புடிச்சுக்கிட்டு நின்னாரு. நாளைக்கு நீ சொல்லலன்னா நான் சொல்வேன். ஆனா நான் சொன்னா டீச்சர் உளர்றான்னுவாங்க. அது உன் நீலம்மா. நீதான் சொல்லணும்.”

“அந்தப் பையன்?”

“புடிச்சிருந்துது.” செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “தண்ணிய மறைச்சுக் கட்டிக்கிட்டா, அப்புறம் ஆயுசுக்கும் எத மறைக்கறதுன்னு தேடிக்கிட்டே இருக்கணும்.”

வெள்ளிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் பந்தல். தண்ணீரைக் காட்டுவதற்கென்று மேடையில் கருப்புத் துணி போர்த்திய பெட்டி ஒன்று, பக்கத்திலேயே புதிதாக இழுத்துவந்த குழாய். ஆறடிக் குத்துவிளக்கு, ஐந்து முகம். விளக்குக்குத் திரி போடும் பொறுப்பை ‘நம்ம காலேஜ் அம்மா’ என்று அஞ்சுகத்திடம் கொடுத்திருந்தார்கள். கண்டுபிடிப்பில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று சேர்மன் பெருந்தன்மையாக நினைத்தாராம். இரண்டாவது வரிசையில், வருங்காலச் சம்பந்தி என்ற மரியாதையில் கனகாம்புஜமும் யுகேந்திரனும் உட்கார்ந்திருந்தார்கள்.

சபாரத்தினம் நாற்பது நிமிடம் பேசினார். நீரின்றி அமையாத உலகம் தானின்றியும் அமையாது என்கிற தொனி அதில் இருந்தது. பிறகு விருதுக்குழுத் தலைவி நிலோஃபர் பேகத்தை விளக்கேற்ற அழைத்தார்கள். அவர் மெழுகுவத்தியோடு விளக்கருகே போய் நின்றார்.

“திரி இல்லையே?”

சேர்மன் சிரித்தபடி பல்லிடுக்கில் பேசினார். “அஞ்சுகம், திரி எங்கம்மா?”

“என் கையிலதாங்க இருக்கு. ஒரு நிமிசம்.”

அஞ்சுகம் மேடைக் குழாயைத் திறந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தார். நான்கு திரிகளை அதில் நனைத்தார். ஐந்தாவதை நனைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டார்.

“அலச நல்ல தண்ணி வேணும்.”

ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்த சேர்மன், மேடையில் இருந்த பாட்டிலை மிடுக்காக எடுத்துக் கொடுத்தார். “இந்தாங்க. பெரியநத்தம் தண்ணி. விருது வாங்கின தண்ணி!” மேடைப் பிரமுகர்கள் குடிப்பதற்கு எங்கள் ஊர்த் தண்ணீரை வைக்கவில்லை என்பது அப்போதுதான் கூட்டத்துக்கே தெரிந்தது. மைக் வேறு திறந்திருந்தது.

அஞ்சுகம் மூன்று முறை அலசினார். நான்கு திரிகளையும் கருப்புப் பெட்டிக்குள் வைத்து டார்ச்சை அடித்தார். நிலோஃபர் பேகம் குனிந்து பார்த்தார்.

“அழகா எரியுதே. நல்லதுதானே?”

“இல்லீங்க. நல்ல தண்ணியா இருந்தா இருட்டா இருக்கணும். துகள் பஞ்சுல ஒட்டாது. இது துணிக்குப் போடற வெளுப்பு. தொட்டியில ஒரு கேன் ஊத்தியிருக்காங்க. அத எடுத்துட்டுப் பாத்தா இந்தத் தண்ணி இருட்டுங்க. குரோமியம்.”

சேர்மன் மைக்கை நோக்கிக் கை நீட்டினார். அஞ்சுகம் முந்திக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்தவங்களைச் சொல்ல வரல. எங்க வீட்டுலயும் ஊத்தினோம். என் பொண்ணப் பாக்க வந்தவங்க முன்னால அந்தத் தண்ணியத்தான் வச்சோம். அவங்க குடிக்கறதுக்குள்ள வாங்கிட்டேன். ஆனா என்னன்னு சொல்லல. அவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. மன்னிச்சுக்குங்க.”

கனகாம்புஜம் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். “வாடா” என்றார். யுகேந்திரன் எழவில்லை. அவர் தனியாக வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். இளவெயினி பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் அறிவியலா மேடம்?” சேர்மன் குரல் கீச்சிட்டது. “முனைவர் ஐயா இருக்காரு. அவரு சொல்லட்டும்!”

முனைவர் திருமலைநம்பி எழுந்து நின்றார். நாற்பத்திரண்டு பக்கம் எழுதியவர், மூன்று நாட்டில் அதைப் பற்றிப் பேசியவர். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. அவர் திரியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“இது என் கண்டுபிடிப்பு இல்லை” என்றார். “நான் எழுதினேன். கண்டுபிடிச்சது அவங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இருபது வருடத்தில் அவர் பேசியதிலேயே சுருக்கமான உரை அது.

நிலோஃபர் பேகம் அஞ்சுகத்தின் விரலிடுக்கைக் காட்டினார். “அந்த அஞ்சாவது திரி எதுக்கும்மா?”

“ஒண்ண எப்பவும் சும்மா வச்சுக்கணுங்க. அது லேப் பழக்கம். இத அலசற தண்ணியில மட்டும் நனைக்கணும். இது இருட்டா இருந்தாத்தான் மத்த நாலும் சொல்றது உண்மை.”

பெரியநத்தத்துப் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை வேறு கிண்ணத்தில் ஊற்றித் திரியை நனைத்தார். கேன் தண்ணீரை வரவழைத்து அலசினார். பிழிந்தார். பெட்டிக்குள் வைத்து டார்ச்சை அடித்தார்.

ஐந்தாவது திரியும் எரிந்தது.

தன் சோதனையே தப்பாகிவிட்டது என்று அஞ்சுகம் நினைத்தது ஒரு வினாடி. அடுத்த வினாடி பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தார். நிலோஃபர் பேகமும் படித்தார். அவருடைய கையெழுத்துத்தான் போன வருடம் பெரியநத்தத்துக்கு விருது கொடுத்தது. பந்தல் வாசலில் கனகாம்புஜம் நின்றுவிட்டார். திரும்பவில்லை. ஆனால் நின்றுவிட்டார்.

நிலோஃபர் பேகம் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். “விளக்கு இன்னொரு நாள் ஏத்தலாம். இந்தத் திரி எந்தக் கடையில கிடைக்கும்மா?”

எங்களுக்கு விருது கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் விருது வாங்கிய பதினெட்டு ஊருக்கும் திரிப் பாக்கெட்டுகள் போயின. பதினேழு ஊர்த் திரிகள் எரிந்தன. பதினெட்டாவது ஊரில் திட்டமே இன்னும் தொடங்கவில்லை என்று தெரிந்தது. மாநில வரைபடத்தில் ‘உண்மையை ஒப்புக்கொண்ட நகரம்’ என்று தனி நிறம் போட்டார்கள், கறுப்பு. மூன்று மாதம் அதில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியைக் கல்லூரி வாசலில், பேருந்து நிலையத்தில், சலூனில் நாங்கள் மாட்டிவைத்தோம். எங்களைப்போல் இருட்டு எவனுக்கும் கிடையாது என்று பேசிக்கொண்டோம். பட்டறைத் தெருக்காரர்கள் இப்போது டார்ச் அடித்துக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். பதினாலு பெண்களில் மூன்று பேருக்கு வரன் தட்டிப்போனது உண்மை. அந்த வலியை எந்த வரைபடமும் காட்டாது. ஆனால் தெருவே நகராட்சி வாசலில் உட்கார்ந்ததில், பதினைந்தாம் நாள் குழாய் மாறியது. சபாரத்தினம் புதுக் குழாயைத் திறந்துவைத்து எட்டாவது பட்டம் வாங்கிக்கொண்டார். ‘உண்மைநீர் வேந்தர்’. அதே பொன்னாடை.

நான்காவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அஞ்சுகத்தின் வாசலில் கனகாம்புஜம் வந்து நின்றார். கையில் துணி சுற்றிய ஒரு பாட்டில்.

“உள்ள வரலாமா?”

“வாங்க, வாங்க.”

உட்கார்ந்தவர் பாட்டிலைத் தரையில் வைத்தார். “எங்க வீட்டுது. ஊர்ல எல்லாம் சரியாயிடுச்சுங்கறாங்க. இனிமே அவங்க சொல்றத எப்புடி நம்பறது? நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

அஞ்சுகம் திரியை நனைத்தார், அலசினார், பிழிந்தார். தன் முந்தானைக்குள் வைத்து டார்ச்சை அடித்தார். கனகாம்புஜம் குனிந்து அந்த முந்தானைக்குள்ளேயே தலையை நுழைத்தார். இரண்டு தலையும் இடித்துக்கொண்டன. உள்ளே திரி எரிந்துகொண்டிருந்தது.

கனகாம்புஜம் முந்தானையிலிருந்து வெளியே வந்தார். “யுகேந்திரன் குழந்தையா இருந்தப்பவே எங்க தண்ணி கசக்கும். நான்தான் பழகிடும்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன்.”

“எல்லாரும் அப்புடித்தாங்க குடுத்தோம்.”

“வெளிய வண்டில அவன் இருக்கான். எங்க தெருவுல நாப்பத்தேழு வீட்டுத் தண்ணி. கதவு நெம்பர் போட்டு எடுத்தாந்திருக்கான். உள்ள வரக் கூச்சமா இருக்காம்.”

இளவெயினி அதற்குள் செருப்பைப் போட்டுவிட்டாள். அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட் திரியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். “நாப்பத்தேழுக்கும் தனித்தனியா சும்மா திரி வச்சீங்களா?” என்று அவள் கேட்பது உள்ளே கேட்டது. அவன் என்ன பதில் சொன்னான் என்பது கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

அஞ்சுகம் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து கொடுத்தார். கனகாம்புஜத்தின் கை வழக்கம்போல் பைக்குள் போனது. உள்ளே டார்ச்சைத் தொட்டிருக்க வேண்டும். பிறகு கை வெறுமனே வெளியே வந்தது.

இரண்டு கையாலும் தம்ளரை வாங்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.